வடகடலிலிருந்து வீடு திரும்பியவர்கள்

1597-ஆம் வருஷம் நவம்பர் மாதம் முதல் தேதியன்று ஆம்ஸ்டர்டாம் நகரத்து வீதிகளில், அவ்வூரார் முன்பின் கண்டிராத கோலத்தோடு பன்னிரண்டு பேர் நடந்து போனார்கள். தலையில் வெள்ளை நரியின் தோலால் தைத்த குல்லாய். உடம்பில், பத்து மாத காலம் பனிக்குள் அடைந்து கிடந்தபோது எதை உடுத்தியிருந்தார்களோ அதே உடுப்பு. வடக்குச் சமுத்திரத்தின் வழியாகச் சீன தேசத்துக்கு ஒரு மார்க்கம் இருக்கிறதா என்று பார்த்துவர, முந்திய வருஷத்து வசந்தத்தில் புறப்பட்ட கப்பலில் பதினேழு பேர் போனார்கள். நோவயா ஸெம்லியா என்ற தீவின் ஓரத்தில் கப்பல் பனிக்கட்டிக்குள் சிக்கிக்கொள்ளவே, கரையில் ஒதுங்கிய மரங்களைக் கொண்டு குடிசை கட்டி அதில் குளிர்காலத்தைக் கழித்து, அடுத்த ஜூன் மாதத்தில் திறந்த படகுகள் இரண்டில் ஏறித் தெற்கே வந்தவர்களில் மிஞ்சியவர்கள் இந்தப் பன்னிரண்டு பேர். அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்த வில்லெம் பாரன்ட்ஸ், படகேறிய ஒரு வாரத்துக்குள் இறந்துபோனார். இவர்கள் அனைவருமே மாண்டுபோனார்கள் என்று ஊர் முடிவு செய்து வெகுநாள் ஆகியிருந்தபடியால், டென்மார்க்கு அரசரின் தூதருக்கு விருந்து நடந்துகொண்டிருந்த மாளிகைக்கே இவர்களை அழைத்துச் சென்று, கதை முழுவதையும் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். அவர்களுள் ஒருவரான கெரிட் டி வேர், அதைப் பின்னர் புஸ்தகமாகவும் எழுதி வைத்தார்.

அந்தப் பிரயாணத்தின் நோக்கம் நிறைவேறவில்லை. ஆனால் போகிற வழியில், 1596 ஜூன் மாதத்தில், கூரிய சிகரங்கள் வரிசை வரிசையாக நிற்கும் ஒரு மனித சஞ்சாரமற்ற நிலத்தை அவர்கள் கண்டு, அந்தச் சிகரங்களைக் கொண்டே அதற்கு ஸ்பிட்ஸ்பெர்கன் என்று பெயரிட்டிருந்தார்கள். அந்த நிலத்தைச் சுற்றியுள்ள கடலை நம்பித்தான் பிற்பாடு இருநூறு வருஷ காலம் வட ஐரோப்பாவின் கரையோரத்துக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் ஜீவனம் நடத்தின. கோடை தோறும் வடக்கே போய்த் திமிங்கிலம் பிடித்து, இலையுதிர் காலத்தில் வீடு திரும்பும் அந்தத் தொழிலைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் ஈட்டி எறிதலையும் பனிமலைகளையும் வர்ணிப்பதிலேயே ஏடுகளை நிரப்பியிருக்கிறார்கள். எனக்கோ, அந்தத் தொழிலின் சூட்சுமம் முழுவதும் திரும்பி வருவதில்தான் இருந்தது என்று தோன்றுகிறது. எந்த நாளில் திரும்புவது, எதை ஏற்றிக்கொண்டு திரும்புவது, திரும்ப முடியாமற் போனால் என்ன ஆவது என்ற மூன்று கேள்விகளுக்கு அவர்கள் கண்ட விடைகளே அத்தொழிலின் சரித்திரம்.

திமிங்கிலம் என்ற சொல், 'திமி' என்னும் பெருமீனையும் விழுங்குவது என்ற பொருளில் வடமொழியிலிருந்து நமக்கு வந்தது. அந்தச் சொல்லை ஆக்கியவர்கள் மனத்தில் பயங்கரமான ஒரு பிராணி இருந்திருக்க வேண்டும். ஸ்பிட்ஸ்பெர்கன் கடலில் இருந்த திமிங்கிலமோ பரம சாது. மெதுவாக நீந்துவது, செத்தால் முழுகிப் போகாமல் மிதப்பது, தோலுக்கு அடியில் ஏறக்குறைய ஒரு முழக் கனத்துக்குக் கொழுப்பை வைத்திருப்பது, வாயில் பற்களுக்குப் பதிலாகப் பன்னிரண்டு பதின்மூன்று அடி நீளம் வரை தொங்கும் வளையக்கூடிய தகடுகளைக் கொண்டிருப்பது. கொழுப்பை உருக்கினால் விளக்கெரிக்கவும் சோப்புக் காய்ச்சவும் எண்ணெய். தகடுகளைக் கீறினால் சீமாட்டிகளின் இடையை இறுக்கும் கச்சுக்கும், குடைக்கும், சாட்டைக்கும் ஏற்ற கம்பிகள். வேட்டைக்கென்றே படைத்துவிட்டதுபோல் அமைந்த இந்தப் பிராணி அந்தக் கடலில் திரள் திரளாக இருக்கிறது என்ற செய்தியை, 1607-ல் அங்கே போய்வந்த ஆங்கிலேய மாலுமி ஹென்றி ஹட்ஸன் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு யாரைத் தடுக்க முடியும்? ஆங்கிலேயர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள், திமிங்கிலம் பிடிக்கும் வித்தையைப் பல தலைமுறையாக அறிந்திருந்த பாஸ்க் தேசத்து ஈட்டிக்காரர்களை இரு சாராருமே கூலிக்கு அமர்த்திக்கொண்டார்கள். 1614-ல் டச்சு நகரங்கள் சில சேர்ந்து 'வடக்குக் கம்பெனி' ஒன்றை ஏற்படுத்தி, அரசாங்கத்தினிடம் ஏகபோக உரிமையும் வாங்கிக்கொண்டன.

அந்தக் கம்பெனி, ஸ்பிட்ஸ்பெர்கனின் வடமேற்கு மூலையில் ஒரு சிறு தீவில் ஸ்மேரன்பர்க் என்ற குடியிருப்பை நிறுவியது. கொழுப்பு நகரம் என்பது அந்தப் பெயரின் பொருள். வேட்டையாடிய திமிங்கிலத்தைக் கரைக்கு இழுத்து வந்து, கொழுப்பைத் துண்டு போட்டு, செங்கல் அடுப்புகளின்மேல் பதித்த பெரிய செப்புக் கொப்பரைகளில் உருக்குவார்கள். உருகிய பிறகு எஞ்சும் சக்கையே அடுத்த கொப்பரைக்கு விறகு. இந்த ஊரைப் பற்றிப் பிற்காலத்தார் கட்டிய கதைகளுக்குக் கணக்கில்லை. கோடையில் அங்கே ஆயிரக்கணக்கான ஜனங்கள் திரண்டிருந்தார்களாம்; கடைத்தெருக்களும் மதுக்கடைகளும் இருந்தனவாம்; காலையில் சுடச்சுட ரொட்டி தயாரானதும் ரொட்டிக்காரன் கொம்பு ஊதி அறிவிப்பானாம். பெரிய பெரிய யாத்திரிகர்களும் இதைத் தங்கள் நூல்களில் திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். 1979 முதல் 1981 வரை ஹாலந்திலுள்ள குரோனிங்கன் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தபோது, மிகச் செழிப்பான காலத்திலேயே அங்கே இருந்தவர்கள் இருநூறு பேர் அளவுதான் என்பதும், கட்டடங்கள் இருபதைக்கூட எட்டவில்லை என்பதும் தெரியவந்தன. கொழுப்பு வழிந்து கெட்டிப்பட்ட மண்ணும், அடுப்புகளின் அடித்தளங்களும், அறுந்த கந்தல்களும்தான் மீதி. கதையில் வந்த நகரத்தைவிட இந்த நிஜமான ஊரே எனக்கு அதிக அர்த்தமுள்ளதாகப் படுகிறது. அது நகரமாக வளராமற் போனதற்குக் காரணம் உண்டு: அங்கே இருந்தவர்களில் ஒருவன்கூட அங்கே இருப்பதற்காக வந்தவன் அல்லன்.

இதே டச்சுக்காரர்கள், நம் முன்னோர் ஒல்லாந்தர் என்று அழைத்த இவர்கள், இதே பத்து வருஷங்களுக்குள்ளாகத்தான் சோழமண்டலக் கரையில் பழவேற்காட்டில் வந்திறங்கிக் கோட்டை கட்டினார்கள். கிழக்கே போகும் கப்பலில் ஏறியவன் ஊர் திரும்ப வருஷங்கள் ஆகும். பலர் திரும்பவே இல்லை. சித்திர வேலைப்பாடு நிறைந்த அவர்களுடைய கல்லறைகளைப் பழவேற்காட்டில் இன்றும் பார்க்கலாம். வடக்கே போனவனுடைய விதி வேறு. மாசியில் கிளம்பி ஐப்பசிக்குள் வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டும்; வராவிட்டால் அவன் வரப்போவதில்லை. கிழக்குக் கம்பெனிக்கு நிலம் வேண்டும், வடக்குக் கம்பெனிக்கு அந்த நிலத்தின் மூன்று மாத வெளிச்சம் போதும்.

ஆயினும் வியாபாரிகளுக்கு ஒரு சபலம் இருந்தது. குளிர்காலத்திலும் சில பேரை அங்கேயே நிறுத்தி வைத்தால், அடுத்த கோடையில் மற்ற தேசத்தார் வருமுன் வேட்டையைத் தொடங்கிவிடலாம். கொப்பரைகளையும் படகுகளையும் பிறர் களவாடாமல் பாதுகாக்கவும் செய்யலாம். ஆங்கிலேயரின் மஸ்கோவி கம்பெனி இதற்கு ஒரு உபாயம் செய்தது: தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட கைதிகளுக்கு, ஒரு குளிர்காலம் அங்கே தங்கினால் மன்னிப்பும் சம்பளமும் தருவதாக ஆசை காட்டி அழைத்துச் சென்றது. கப்பலிலிருந்து அந்தக் கரையைப் பார்த்த மாத்திரத்தில் அவர்கள், தங்களைத் திரும்ப அழைத்துக்கொண்டு போய் ஊரிலேயே தூக்கில் போட்டுவிடும்படி மன்றாடினார்களாம். தலைவனும் மனமிரங்கி அவர்களைத் திருப்பி அழைத்து வந்தான். இதை எழுதி வைத்தவர் எட்வர்டு பெல்லம் என்ற மாலுமி. 1630-ல் கப்பல் அவரையும் மற்ற ஏழு பேரையும் மான் வேட்டைக்கு இறக்கிவிட்டு, காலநிலை காரணமாகத் திரும்ப ஏற்றிக்கொள்ளாமலே போய்விட்டது. முன்னேற்பாடு எதுவுமின்றி, ஒரு பெரிய கொட்டகைக்குள் சிறிய அறையொன்றைக் கட்டிக்கொண்டு, மானும் வால்ரஸும் கரடியும் தின்று, அடுப்புச் சக்கையையும் தின்று, எட்டுப் பேரும் மே மாதம் வரை உயிர் தரித்திருந்தார்கள். எட்டுப் பேரும் இங்கிலாந்து திரும்பினார்கள்.

இந்தச் செய்தி டச்சுக் கம்பெனிக்குத் தைரியம் கொடுத்தது போலும். 1633-ல் ஸ்மேரன்பர்க்கில் ஏழு பேரையும், தெற்கே யான் மாயன் தீவில் ஏழு பேரையும் குளிர்காலக் காவலுக்கு நிறுத்தினார்கள். அடுத்த கோடையில் கப்பல்கள் போய்ப் பார்த்தபோது ஸ்மேரன்பர்க்கில் இருந்த ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள். யான் மாயனில் இருந்த ஏழு பேரும் இறந்து கிடந்தார்கள். பிழைத்தவர்களின் உதாரணத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, 1634-ல் ஸ்மேரன்பர்க்கில் வேறு ஏழு பேரை நிறுத்தினார்கள். பச்சைக் காய்கறி இல்லாமையால் ஈறு வீங்கி, மூட்டு மரத்துப்போகும் ஸ்கர்வி என்ற நோய் அவர்களை ஒவ்வொருவராகப் படுக்கையில் தள்ளியது. அவர்கள் எழுதி வந்த நாட்குறிப்பு, மறைந்த சூரியன் மறுபடியும் அடிவானத்தில் தலைகாட்டத் தொடங்குகிற பிப்ரவரி மாதக் கடைசியில் நின்றுபோகிறது. அதற்குப்பின் கம்பெனி யாரையும் அங்கே விட்டுவைக்கவில்லை. வியாபாரம் என்பது கணக்குப் புஸ்தகத்தால் பாடம் கற்கும் மாணாக்கன். ஆனாலும் பதினான்கு பிணங்களுக்குப் பிறகு கற்றுக்கொண்டது என்றால் மந்த மாணாக்கன்தான்.

1642-ல் கம்பெனியின் ஏகபோக உரிமை முடிவடைந்தது. அதற்குள் திமிங்கிலங்களும், துரத்தித் துரத்திக் கொன்றதன் விளைவாகக் கரையோரக் குடாக்களை விட்டு விலகி, திறந்த கடலிலும் பனிவிளிம்பிலும் மட்டுமே தென்படலாயின. எனவே கரையில் அடுப்பு வைத்து உருக்குவது பயனற்றதாகி, கொன்ற பிராணியைக் கப்பலின் பக்கவாட்டிலேயே கட்டிவைத்துக் கொழுப்பை உரித்து, பீப்பாய்களில் அடைத்து, ஊருக்குக் கொண்டுவந்து காய்ச்சும் வழக்கம் உண்டாயிற்று. ஸ்மேரன்பர்க் சுமார் 1660-க்குள் பாழடைந்தது. வடக்கே இருந்த அடுப்புகளும் இப்படி வீடு திரும்பின என்று சொல்லலாம். ஆனால் அவற்றை யாரும் பூரணகும்பம் வைத்து வரவேற்கவில்லை. கோடை முழுவதும் பீப்பாய்க்குள் கிடந்து அழுகிய கொழுப்பைக் காய்ச்சும்போது எழுந்த நாற்றத்தைச் சகிக்க மாட்டாமல், ஆம்ஸ்டர்டாமிலும் ஹாம்பர்க்கிலும் காய்ச்சுமிடங்களை ஊருக்கு வெளியே தள்ளி வைத்தார்கள். கப்பல்கள் திரும்பிவிட்டன என்பதைக் கண்ணால் காணுமுன் மூக்கால் அறிந்துகொண்டவர்கள் அந்த நகரத்தார்.

ஏகபோகம் ஒழிந்ததும், கப்பல்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. அந்த நூற்றாண்டின் இறுதிக்குள், நல்ல வருஷங்களில் ஹாலந்திலிருந்து மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட கப்பல்கள் புறப்பட்டன. ஒவ்வொன்றிலும் நாற்பது பேருக்குக் குறையாமல் ஆள் வேண்டும். பாஸ்க் ஈட்டிக்காரர்களின் காலம் முடிந்திருந்தது. அந்த இடத்தை நிரப்பியவர்கள், ஹாலந்திலிருந்து ஜெர்மனி வழியாக டென்மார்க்கு வரை கடலோரத்தில் சங்கிலிபோல் கிடக்கும் தாழ்ந்த மணல் தீவுகளின் ஜனங்கள்: ஆமெலாந்து, போர்க்கும், ஃபோர், ஆம்ரும், ஸில்ட், ரோமோ. ஃபிரிஸியர் என்று பெயர்பெற்ற இவர்களின் தீவுகளில் மரமும் குறைவு, விளைநிலமும் குறைவு. போதாததற்கு, 1634-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்து இரவொன்றில் எழுந்த பெருவெள்ளம், ஸ்ட்ராண்டு என்ற பெரிய தீவைத் துண்டுதுண்டாக்கி, அந்தக் கரை நெடுகிலும் ஆயிரக்கணக்கானோரை மாய்த்துவிட்டுப் போயிற்று. வயலைக் கொண்டுபோன கடலினிடமே வயிற்றுக்குக் கேட்க வேண்டியதாயிற்று.

இந்தத் தீவுகளுள் ஃபோர் தீவின் கதையைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வடக்குக் கடலில் கப்பல் செலுத்த உடல்பலம் மாத்திரம் போதாது; நட்சத்திரத்தையும் சூரியனின் உயரத்தையும் கொண்டு கணக்கிடத் தெரிய வேண்டும். அந்தத் தீவின் மேற்குப் பகுதியில் புனித லாரன்ஸ் கோயிலில் பாதிரியாராக இருந்த ரிச்சர்டு பெட்ரி, 1620 முதல் 1678 வரை வாழ்ந்தவர், குளிர்கால மாதங்களில் வீட்டிலிருக்கும் வாலிபர்களைத் தம் இல்லத்துக்கு அழைத்து மாலுமி சாஸ்திரத்தைக் கற்பித்தார். கட்டணம் வாங்குவதில்லை. தம்மிடம் கற்றவன், தானும் பிறருக்கு இலவசமாகக் கற்பிக்க வேண்டும் என்ற ஒரே வாக்குறுதியைத்தான் கேட்டு வாங்கினார். கோடையில் கடலில் தழும்பேறிய கைகள் குளிர்காலத்தில் பலகையும் குச்சியும் பிடித்தன. கிழவராய்ப்போய்க் கரையில் தங்கிவிட்ட மாலுமிகள் வீட்டுக்கு வீடு வாத்தியார் ஆனார்கள். சாதாரண ஆளாகக் கப்பலேறியவன் ஈட்டிக்காரனாகவும், பிறகு துணை மாலுமியாகவும், கடைசியில் கமாண்டர் என்ற பட்டத்தோடு கப்பலுக்கே தலைவனாகவும் உயர்வது இந்த ஒரு சிறு தீவில் அத்தனை சகஜமானதற்கு அந்தப் பாதிரியாரின் குளிர்காலப் பாடசாலையே காரணம். வீடு திரும்பாத தொழிலாக இருந்திருந்தால் இப்படி ஒரு பள்ளிக்கூடம் தோன்றியிருக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

வருஷத்தின் கிரமம் இதுதான். பிப்ரவரி 22, புனித பேதுருவின் திருநாள். அதற்கு முந்தின இரவு தீவுகளில் மேடான இடங்களில் பெரிய சொக்கப்பனை கொளுத்துவார்கள். 'பீக்கே' என்று அதற்குப் பெயர். புறப்பட்டுச் செல்லும் ஆண்களுக்கு வழியனுப்பு ஜோதியாகப் பெண்கள் ஏற்றியது என்று தீவார் சொல்லுவார்கள். கணவனைக் கப்பலேற்றிய ஸ்திரீகளின் நெருப்பு என்பது கதைக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது திமிங்கில வேட்டைக்கும் முந்திய பழைய வழக்கம் என்று கருதும் ஆராய்ச்சியாளர் உண்டு. எப்படியானாலும், அந்தத் திருநாளை ஒட்டிச் சிறு பாய்மரப் படகுகளில் நெருக்கியடித்து ஏறிக்கொண்டு ஆண்கள் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹாம்பர்க்குக்கும் போனார்கள். அந்தப் படகுப் பிரயாணமே பல சமயம் வடதுருவக் கடலைவிட ஆபத்தாக முடிந்தது. 1744-ஆம் வருஷத்து வசந்தத்தில் ஸில்ட் தீவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் சென்ற படகொன்று கவிழ்ந்து, பனிக்கட்டி ஒன்றைக்கூடக் கண்ணால் காணாமலே எண்பதுக்கு மேற்பட்ட மாலுமிகள் மூழ்கினார்கள். போகிறவர்களில் பாலகரும் உண்டு. ஃபோர் தீவின் யென்ஸ் யாக்கோப் எஷெல்ஸ், 1769-ல் முதல் தடவை வடக்கே போனபோது அவருக்கு வயது பதினொன்று. எழுபத்தேழாவது வயதில், 1835-ல், தம் வரலாற்றைப் புஸ்தகமாக வெளியிட்டார்.

ஆண்கள் போய்விட்டால் தீவு முழுவதும் ஸ்திரீ ராஜ்யம். உழுவதும் விதைப்பதும், புல் அறுத்து உலர்த்துவதும், ஆடுமாடு மேய்ப்பதும், கம்பளி நூற்றுப் பின்னுவதும், குழந்தைக்கு நோய் வந்தால் பார்ப்பதும், கிழவருக்குச் சாவு வந்தால் அடக்கம் செய்வதும் அவர்கள் கையில். ஏழெட்டு மாதத்துக்குக் கடிதம் இல்லை, செய்தி இல்லை. யுத்த காலமாயிருந்தால் இன்னொரு கவலை. வெறும் பீப்பாய்களோடு வடக்கே போகும் கப்பலைச் சீண்டாத பிரெஞ்சுக் கொள்ளைக் கப்பல்கள், அது எண்ணெய்க் கொழுப்போடு திரும்பும்போது வழிமறிக்கும். உழைத்ததெல்லாம் ஊருக்கு அருகே வந்து பறிபோவதைப் போன்ற சங்கடம் வேறில்லை. ஆகவே போர்க்கப்பலின் துணையோடு கூட்டமாகத் திரும்புவார்கள்.

ஆகஸ்டு முடிவிலிருந்து கப்பல்கள் வரத் தொடங்கும். துறைமுகத்தில் கணக்குத் தீர்ப்பார்கள். சம்பள முறை இரண்டு விதம்: மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் சிலர்; பிடித்த எண்ணெயில் பங்கு வாங்குகிறவர்கள் சிலர். பங்குக்காரனுக்குத் திமிங்கிலம் அகப்படாத வருஷம் வெறுங்கை வருஷம். கணக்கு முடிந்ததும், கையில் பணத்தோடு அதே சிறு படகுகளில் தீவை நோக்கிப் புறப்படுவார்கள். சிலர் அதற்குமுன் ஆம்ஸ்டர்டாம் கடைகளில் நுழைந்து வருவார்கள். அந்தக் கடைகளில் வாங்கியவற்றை இன்றும் தீவு வீடுகளில் காணலாம். நீலமும் வெள்ளையுமாகச் சித்திரம் எழுதிய டச்சு ஓடுகள் சுவர் நிறையப் பதித்திருக்கின்றன. கப்பல் படம், காற்றாலைப் படம், விவிலியக் கதைப் படம். ஈரமண் தீவில், நாணல் வேய்ந்த கூரையின் கீழ், பெருநகரத்துத் தனவந்தர் வீட்டுச் சுவர் வந்து நிற்பதுபோல் இருக்கும். பெண்களின் மார்பில் அணியும் வெள்ளிக் கம்பி வேலைப்பாட்டு ஆபரணமும் இந்தச் செழிப்பில் வளர்ந்ததே. பொருளோடு சொற்களும் வந்தன; டச்சு எஜமானர்களின் கப்பலில் வேலை செய்த பலர், தம் ஃபிரிஸியப் பெயர்களுக்கு டச்சு உருவம் கொடுத்துக்கொண்டார்கள். கல்யாணங்கள் குளிர்காலத்தில் நடந்தன. வேறு எப்போது நடத்துவது? மாப்பிள்ளை ஊரில் இருக்கும் காலம் அது ஒன்றுதானே.

இப்படித் திரும்பியவர்களுள் மிகவும் பிரசித்தி பெற்றவர், ஃபோர் தீவின் ஓல்ட்ஸும் கிராமத்தில் பிறந்த மத்தியாஸ் பேட்டர்ஸன். 1632-ல் பிறந்து 1706-ல் இறந்த இவர், தம் ஆயுளில் 373 திமிங்கிலங்களைப் பிடித்தாராம். 'அதிர்ஷ்டசாலி மத்தியாஸ்' என்றே ஊரார் அழைத்தார்கள். லாரன்ஸ் கோயில் வளவில் இருக்கும் அவருடைய கல்லறைப் பலகை இந்த எண்ணிக்கையை லத்தீன் மொழியில் சொல்லுகிறது. அதிர்ஷ்டம் யாருடையது என்று அந்த 373 பிராணிகளைக் கேட்பாரில்லை. அந்தக் காலத்தில் அப்படிக் கேட்பது ஒருவருக்கும் தோன்றியிருக்காது. நூற்றைம்பது இருநூறு வருஷங்கள்கூட உயிர்வாழக்கூடியது அந்தத் திமிங்கில ஜாதி என்பதை இப்போதுதான் அறிந்திருக்கிறோம். குட்டி போடுவதிலும் அவ்வளவு நிதானம். எத்தனை கோடைக்கு அந்தக் கடல் தாங்கும்?

மத்தியாஸின் கல்லைப் போலவே, ஃபோரிலும் ஆம்ருமிலும் உள்ள கோயில் வளவுகளில் பல கற்கள் நிற்கின்றன. 'பேசும் கற்கள்' என்பார்கள். இறந்தவன் எங்கே பிறந்தான், எந்த வயதில் கடலேறினான், எந்த வருஷம் கமாண்டரானான், யாரைக் கல்யாணம் செய்தான், எத்தனை பிள்ளைகள் என்று கதைபோலவே பொறித்திருக்கும். கல்லின் உச்சியில் ஒரு மலர்க்கொடி; ஆண் பிள்ளைகளுக்கு டூலிப் பூ, பெண்களுக்கு நட்சத்திரம் போன்ற பூ; பெற்றோருக்கு முன்பே இறந்த குழந்தையின் பூ காம்பொடிந்து தொங்கும். சில கற்களில் கப்பல் பாயை விரித்துப் போகிறது. வேறு சிலவற்றில் பாய்களைக் கழற்றிவிட்டு, மொட்டை மரங்களோடு துறையில் கட்டிக் கிடக்கிறது. கல்லெழுதிய சிற்பி கடலை நன்றாக அறிந்தவன். பாய் விரித்த கப்பலைவிடப் பாய் கழற்றிய கப்பலைச் செதுக்குவது கடினம். கயிறுகள் அத்தனையும் தெரியும்.

திரும்ப வேண்டிய நாளைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை 1777-ஆம் வருஷம் காட்டியது. அந்தக் கோடையில் கிரீன்லாந்தின் கிழக்குக் கடலில் பல தேசத்துக் கப்பல்கள் ஒரு டஜனுக்கு மேல் பனிக்குள் அகப்பட்டுக்கொண்டு, பனியோடு சேர்ந்தே தெற்கே மிதந்தன. ஆகஸ்டு முதல் ஒவ்வொன்றாக நொறுங்கின. நொறுங்கிய கப்பலின் ஆட்கள் அடுத்த கப்பலில் ஏற, அதுவும் நொறுங்க, கடைசியில் பனிக்கட்டியின்மேலேயே நடந்து கரையேற முயன்றார்கள். முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆமெலாந்து தீவைச் சேர்ந்த கமாண்டர் ஹிட்டே டிர்க்ஸ் காட் பிழைத்தவர்களில் ஒருவர். கிரீன்லாந்துப் பூர்வகுடிகள் தங்கள் இல்லங்களில் இடம்கொடுத்து, தங்கள் உணவைப் பகிர்ந்து, அவரையும் தோழர்களையும் காப்பாற்றி டென்மார்க்குக் குடியேற்றங்களில் சேர்ப்பித்தார்கள். மறு வருஷம் அவர் ஊர் வந்து சேர்ந்தார். 1818-ல் வெளியான அவருடைய நாட்குறிப்பில், எந்த ஜனங்களைக் காட்டுமிராண்டிகள் என்று மாலுமிகள் வழக்கமாகப் பேசிவந்தார்களோ, அவர்களுடைய உபசாரத்துக்குத்தான் பெரிய இடம் கிடைத்திருக்கிறது.

அதன்பின் தொழில் தேய்ந்தது. 1780-ல் இங்கிலாந்தோடு மூண்ட யுத்தமும், நெப்போலியன் காலத்துப் போர்களும் டச்சுக் கப்பல்களைக் கரையில் நிறுத்திவிட்டன. அமைதி திரும்பியபோது ஸ்பிட்ஸ்பெர்கன் கடலில் பிடிப்பதற்குத் திமிங்கிலமே அநேகமாக இல்லை. தீவு வாலிபர்கள் வியாபாரக் கப்பல்களுக்குப் போனார்கள். பிறகு ஃபோரிலிருந்து ஏராளமானோர் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்தப் பயணத்துக்கு ஐப்பசி என்று ஒரு கெடு இல்லை. ரோமோ தீவின் யூவ்ரே கிராமத்தில், மரத்துக்குப் பதிலாகத் திமிங்கிலத்தின் தாடை எலும்புகளை வரிசையாக ஊன்றி 1772-ல் கட்டிய வேலி ஒன்று இன்றும் நிற்கிறது. பாசி படிந்து, அரித்துப் போயிருக்கிறது; யாரும் சொல்லாவிட்டால் பார்ப்பவர் பழைய மரக்கட்டை என்றே நினைப்பார்.

1980-ல், ஸ்பிட்ஸ்பெர்கனை ஒட்டிய ஒரு சிறு தீவில், பதினேழாம் நூற்றாண்டில் அங்கே இறந்துபோன டச்சு வேட்டைக்காரர்களும் எண்ணெய் காய்ச்சிகளும் புதைக்கப்பட்ட 185 குழிகளை ஆராய்ந்தார்கள். உறைந்த மண் உடைகளை அழியவிடவில்லை. எலும்புக்கூடுகளின் தலையில் கையால் பின்னிய கம்பளிக் குல்லாய்கள் அப்படியே இருந்தன. ஒன்றில் உள்ள பட்டைகள் இன்னொன்றில் இல்லை. கண் மட்டும் தெரியும்படி உடம்பு முழுவதையும் போர்த்திக்கொண்டு வேலைசெய்த இடத்தில், எதிரே வருகிறவன் யார் என்பதைக் குல்லாயின் பட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்களாம். அந்தக் குல்லாய்களில் சில இப்போது ஆம்ஸ்டர்டாமில், தேசியக் காட்சிசாலையின் கண்ணாடிப் பேழையில் இருக்கின்றன. பெயர் எதுவும் இல்லை. பழுப்பு, நீலம், மங்கிய மஞ்சள் என்று பட்டைகள் மட்டும் தெரிகின்றன.